ஒரு வரியை மாற்றினால் போதும்: எங்கள் விக்கிக்கு முன்னொட்டு வைத்த கதை

"ஏம்மா, நான் எழுதினதெல்லாம் பொய்யின்னு ஆயிடுச்சா?"

தொலைபேசியை எடுத்ததும் ஐயா கேட்ட முதல் கேள்வி அதுதான். கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. பள்ளி வேறு இடத்துக்கு மாறிவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் இன்று இரட்டைமாடி வீடுகள் நிற்கின்றன.

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் குழு இப்படிப்பட்ட பள்ளிகளின் வரலாற்றைத் தொகுக்க ஒரு விக்கித் தளம் நடத்துகிறது. அதில் அதிகமாக எழுதியவர் மாணவர் அல்லர், இந்த எழுபது வயதுப் பெரியவர்தான். பள்ளியின் பெயர்ப்பலகையில் போருக்குப் பிந்திய ஓர் ஆண்டு போட்டிருக்கிறது. போருக்கு முன்பே பள்ளி இருந்தது என்பது ஐயாவின் வாதம். அதற்கு ஆதாரமாகப் பழைய ஆண்டறிக்கை ஒன்றின் பக்கத்தை இணையத்தில் கண்டுபிடித்து, கட்டுரையில் இணைப்புக் கொடுத்திருந்தார். முன்னாள் மாணவர் சந்திப்பில் ஒருவர் கைப்பேசியில் அந்த இணைப்பைத் தட்டினார். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

இணைப்பு ஏன் அறுந்தது என்று தேடியபோதுதான் விக்கி மென்பொருளில் முன்னொட்டு என்ற சின்ன வசதி இருப்பது எனக்குத் தெரிந்தது. தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி நான். அந்த வசதி எங்கள் தளத்தில் முதல் நாளிலிருந்தே சும்மா கிடந்திருக்கிறது!

முகவரி மாறியது, எண் மாறவில்லை

நாங்கள் அதிகமாக நம்பியிருந்த ஓர் ஆவணத் தளம் தன் இணைய முகவரியை மாற்றியிருந்தது. ஆவணங்கள் எங்கும் போகவில்லை. ஒவ்வோர் ஆவணத்துக்கும் இருந்த எண்ணும் அப்படியே இருந்தது. முன்னால் இருந்த தளப்பெயர்தான் வேறு. கடிதம் போட்ட வீட்டில் ஆள் இருக்கிறார், தெருப்பெயர் மட்டும் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விக்கியிலோ நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்தப் பழைய முகவரி முழுசாக ஒட்டப்பட்டிருந்தது. மீடியாவிக்கி மென்பொருளில் வெளி இணைப்புகளைத் தேடித் தரும் சிறப்புப் பக்கம் ஒன்று உண்டு. தளப்பெயரைக் கொடுத்தால், எந்தெந்தப் பக்கத்தில் அந்தத் தளத்துக்கு இணைப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். அதை வைத்து நானும் இரண்டு தோழிகளும் மூன்று இரவுகள் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். மூன்றாம் இரவு ஒரு தோழி கேட்டாள்: "அந்தத் தளம் அடுத்த வருஷம் மறுபடியும் மாறினா?"

அதற்குப் பதில் தேடிப் போனேன்.

உங்கள் கைப்பேசியில் அம்மாவின் எண்ணை 'அம்மா' என்றுதானே சேமித்திருக்கிறீர்கள்? அவர் எண்ணை மாற்றினால் ஒரே ஓர் இடத்தில் திருத்துகிறீர்கள். விக்கியிலும் அதைச் செய்யலாம். 'ஆவணம்' என்ற சொல்லுக்கு இன்ன தளத்தின் முகவரி என்று ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு கட்டுரைக்குள் [[ஆவணம்:1234]] என்று எழுதினால் போதும். இரட்டைப் புள்ளிக்கு முன்னால் இருப்பது முன்னொட்டு, பின்னால் இருப்பது அந்தத் தளத்தில் உள்ள பக்கத்தின் பெயர் அல்லது எண். மென்பொருளே முழு முகவரியை உருவாக்கிக்கொள்ளும்.

பதியும்போது முகவரியில் பக்கப் பெயர் வரவேண்டிய இடத்தில் $1 என்று போடவேண்டும். அந்த $1 இருக்கும் இடத்தில்தான் 1234 போய் உட்காரும். $1-ஐ மறந்துவிட்டால் எந்த எண் கொடுத்தாலும் முகப்புப் பக்கத்துக்கே போகும். நான் மறந்தேன், எல்லாரும் ஒருமுறை மறப்பார்கள்.

விக்கியின் வயதை ஒட்டிய வசதி

இது புதிய கண்டுபிடிப்பன்று. முதல் விக்கித் தளத்தை அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச் 25-இல் இணையத்தில் வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். அந்தத் தளத்தைப் பார்த்துப் பல விக்கிகள் முளைத்தன. ஒரு விக்கியில் எழுதுபவர் இன்னொரு விக்கியின் பக்கத்தைச் சுட்ட வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் தளத்தின் சுருக்கப் பெயரும் இரட்டைப் புள்ளியும்.

2001 ஜனவரி 15-இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது அது கிளிஃபர்ட் ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் ஓடியது. அந்த மென்பொருளிலேயே முன்னொட்டுப் பட்டியல் இருந்தது, ஒரு சாதாரண உரைக்கோப்பாக. இன்று மீடியாவிக்கியைப் புதிதாக நிறுவினாலும் ஆயத்தப் பட்டியல் ஒன்று கூடவே வருகிறது. அதைத் திறந்து பார்த்தால் யூஸ்மாட், மீட்பால் என்று பழைய விக்கிகளின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அது பழைய தோட்டத்துப் பேர்வழிப் பட்டியல் போலத் தெரிந்தது.

விக்கிப்பீடியாவுக்கான முன்னொட்டும் அதிலேயே உண்டு, ஆனால் அது ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் போகும். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு நாமே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பல வேளைகளில் தமிழ் எழுத்துகள் மறைந்து, விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வால் ஒன்று வரும். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்துகளாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 'சிங்கப்பூர்' என்ற சொல்லில் ச, இகரக் குறி, ங, புள்ளி என்று எண்ணிக்கொண்டே போனால் 11 குறிகள் வரும். 99 எழுத்துகள்! இதைக் கட்டுரைக்கு நடுவே பார்க்கும் ஐயா போன்றவர்கள் பயந்து ஓரெழுத்தை அழித்துவிட்டால் இணைப்புப் போயிற்று. [[தவி:சிங்கப்பூர்]] என்று எழுதினால் அந்த வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. 'தவி' என்பது தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நாங்கள் வைத்த சுருக்கம்.

ஊரைக் காணோம்

முதலில் நான் 'தவி' வைக்கவில்லை. தமிழைக் குறிக்கும் டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத்தான் முன்னொட்டாகப் பதிந்தேன். உலகம் முழுக்கப் புழங்கும் மொழிக்குறி அது. விக்கிப்பீடியாவே அதைத்தான் பயன்படுத்துகிறது. சரியாகத்தானே இருக்கும்?

மறுநாள் மாலை ஐயாவிடமிருந்து அழைப்பு.

"ஊரைக் காணோம்மா."

"எந்த ஊருங்கய்யா?"

"கூலிம். நான் எழுதினது 'கூலிம் நகரிலிருந்து'ன்னு. இப்ப 'நகரிலிருந்து'ன்னு மட்டும் இருக்கு. எந்த நகரம்னு படிக்கிறவன் என்னைக் கேப்பான்."

போய்ப் பார்த்தால் உண்மைதான். கட்டுரை உரையிலிருந்து கூலிம் மறைந்து, பக்கத்தின் ஓரத்தில் 'பிற மொழிகளில்: தமிழ்' என்ற இணைப்பாகப் போய் உட்கார்ந்திருந்தது. முன்னொட்டு ஒரு மொழிக்குறியாக இருந்தால் மீடியாவிக்கி அதைச் சாதாரண இணைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. 'இதே கட்டுரை இன்னொரு மொழியில் இருக்கிறது' என்று நினைத்து ஓரப்பட்டைக்குத் தள்ளிவிடும். விக்கிப்பீடியாவுக்கு அது அருமையான வசதி, எங்களுக்கு வம்பு.

தீர்வு இரண்டு. முன்னொட்டுக்கு முன்னாலும் ஓர் இரட்டைப் புள்ளி வைத்தால் இணைப்பு உரையிலேயே நிற்கும். அல்லது மொழிக்குறி அல்லாத வேறு பெயரை முன்னொட்டாக வைக்கலாம். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். முன்னாலும் பின்னாலும் புள்ளி என்று சொன்னால் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

முன்னொட்டைத் தமிழிலேயே வைப்பது என்று அப்போதுதான் முடிவானது. ஐயா முரசு அஞ்சல் விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்வார். நடுவில் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்பி வரச் சொன்னால் அலுத்துக்கொள்வார். அடைப்புக்குறி, புள்ளி எல்லாம் அந்த விசைப்பலகையில் அதே இடத்தில் இருக்கின்றன. தமிழ்99 பழகியவர்களுக்குத்தான் கொஞ்சம் தொல்லை. சதுர அடைப்பு இருக்கும் இரண்டு விசைகளில் அங்கே 'ச'வும் 'ஞ'வும் இருக்கின்றன. அவர்கள் எப்படியும் மாறித்தான் ஆகவேண்டும்.

தமிழ்ப் பெயருக்கும் ஓர் எல்லை உண்டு. தரவுத்தளத்தில் முன்னொட்டுக்கு ஒதுக்கியிருப்பது 32 பைட். ஆங்கிலத்தில் 32 எழுத்து, யாரும் தொடப்போவதில்லை. தமிழில் குறிக்கு மூன்று பைட் என்பதால் பத்துக் குறிகளோடு முடிந்துவிடும். 'விக்கிமூலம்' என்று வைக்க ஆசைப்பட்டேன். எண்ணிப் பார்த்தால் 11 குறிகள், 33 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். 'மூலம்' என்று சுருக்கினோம். இளையவர்கள் அந்தச் சொல்லின் மருத்துவப் பொருளை நினைத்து இன்றுவரை சிரிக்கிறார்கள். சிரித்தாலும் முன்னொட்டை யாரும் மறக்கவில்லை.

எங்கே பதிவது?

மீடியாவிக்கியில் இதற்கென்று ஒரு சிறப்புப் பக்கம் உண்டு. அதைத் தரும் நீட்சி பல ஆண்டுகளாக மென்பொருளோடு சேர்ந்தே வந்தது. எங்கள் பதிப்பில் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது: நீட்சியை இயக்க ஒன்று, நிர்வாகிகளுக்குப் பட்டியலைத் திருத்தும் உரிமை கொடுக்க இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிட்டால் பட்டியலைப் பார்க்கலாம், தொடமுடியாது. சேர்த்த பிறகு படிவத்தில் முன்னொட்டு, முகவரி இரண்டையும் நிரப்பிச் சேமித்தால் முடிந்தது.

படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று, வெளியிலிருந்து நம் தளத்துக்கு அந்த முன்னொட்டோடு வருபவரை நேராக அங்கே அனுப்பிவிடலாமா என்று கேட்கும். உங்களுக்கு முழு நம்பிக்கை உள்ள தளத்துக்கு மட்டும் 'ஆம்' சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் முகவரியைக் காட்டி ஆளைக் கண்ட இடத்துக்கு அனுப்ப யாராவது முயல்வார்கள். மற்றொன்று, அந்தத் தளத்தின் உள்ளடக்கத்தையே எடுத்து நம் பக்கத்தில் காட்டுவதற்கானது. அதைத் தொடாதீர்கள்.

நான் முதலில் இந்தப் படிவத்தைப் பயன்படுத்தாமல் கெட்டிக்காரத்தனமாகத் தரவுத்தள அட்டவணைக்குள்ளேயே நேரடியாக எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எழுதினேன். அழித்து எழுதினேன். நள்ளிரவு தாண்டி அழாத குறையாகப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் வேலை செய்கிறது! மென்பொருள் முன்னொட்டுகளை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது, இயல்பான அமைப்பில் 10,800 வினாடிகளுக்கு. அதாவது மூன்று மணி நேரம். அட்டவணையை நேரடியாக மாற்றினால் அந்த நேரம் கழியும்வரை பழைய கதைதான். படிவத்தின் வழியாகச் செய்தால் இந்தச் சிக்கல் வராது. அப்போதும் பழைய பக்கங்கள் சிலவற்றைப் புதுப்பித்துவிட வேண்டியிருக்கலாம்.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ் நூல்களின் மின்னூலகமான நூலகம் தளமும் மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது. அதற்கு 'நூலகம்' என்றே முன்னொட்டு வைத்தேன். எங்கள் விக்கியில் 'நூலகம்: ஒரு மாணவியின் நினைவுகள்' என்ற தலைப்பில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்ததை யோசிக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கவே முடியவில்லை. தட்டினால் இலங்கைத் தளத்துக்குப் போனது. எழுதியவர் தன் கட்டுரையை நாங்கள் நீக்கிவிட்டோம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார். நீக்கவில்லை, அது உள்ளேயே இருக்கிறது, கதவை மறைத்துப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டேன் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. முன்னொட்டை எடுத்துவிட்டு, பக்கத்தின் தலைப்பை மாற்றி, பிறகு மறுபடி சேர்த்தேன். பகுப்பு, உதவி, வார்ப்புரு போன்ற பெயர்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அவை மென்பொருளின் சொந்தப் பெயர்வெளிகள் என்பதால் முன்னொட்டாகப் பதிந்தாலும் வேலை செய்யாது.

டோக்குவிக்கி என்ற எளிய மென்பொருளைப் பயன்படுத்தும் பள்ளிக் கழகங்களும் உண்டு. அதில் தரவுத்தளம் கிடையாது. அமைப்புக் கோப்புறையில் முன்னொட்டுக்கென்று ஓர் உரைக்கோப்பு வைத்து, வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளலாம். இரட்டைப் புள்ளிக்குப் பதில் > குறி போடவேண்டும். ஆனால் அங்கே முன்னொட்டு ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கமுடியும். ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிவப்பு எழுத்து வராது

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லித் தந்தவை கொஞ்சம்தான். [[தவி:கூலிம்]] என்று எழுதினால் திரையில் 'தவி:கூலிம்' என்று முன்னொட்டோடு தெரியும், படிக்க அசிங்கமாக இருக்கும். [[தவி:கூலிம்|]] என்று கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுச் சேமித்தால், மென்பொருளே முன்னொட்டை நீக்கிய பெயரைக் கோட்டுக்குப் பின் எழுதிவிடும். ஐயாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "இது நம்ம சொல்றதைப் புரிஞ்சிக்குதும்மா" என்றார்.

எழுத்துப்பிழையில் மட்டும் கவனம் வேண்டும். நம் விக்கிக்குள் இல்லாத பக்கத்தைச் சுட்டினால் இணைப்புச் சிவப்பாகத் தெரியும், உடனே பிழை புரியும். முன்னொட்டு இணைப்பில் அப்படி வராது. அடுத்த தளத்தில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று நம் மென்பொருள் போய்ப் பார்ப்பதில்லை. 'கூலீம்' என்று நெடிலாக எழுதினாலும் நீலமாகவே சிரித்துக்கொண்டு நிற்கும். தமிழில் ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம் என்பதால் இது எங்களுக்கு அடிக்கடி வந்த தொல்லை. எண் இருக்கும் இடத்தில் எண்ணைப் பயன்படுத்துவது மேல். விக்கித்தரவில் மலேசியா என்றால் க்யூ 833, சிங்கப்பூர் என்றால் க்யூ 334. மலேசியாவை 'மலேஷியா' என்று எழுதினாலும் அந்த எண் ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரைகளைச் சுட்டும் உயர்கல்வி மாணவர்கள் 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதற்கான முன்னொட்டு ஆயத்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

முன்னொட்டு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. தளம் தன் எண்களையே மாற்றிவிட்டால் நாம் பதிந்த வரியால் பயனில்லை. அதனால் இணைப்பின் பக்கத்திலேயே ஆவணத்தின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுத்தில் எழுதவேண்டும் என்பது இப்போது எங்கள் குழுவின் விதி. முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்தும் வைக்கிறோம்.

அந்த ஆவணத் தளம் மறுபடியும் மாறியது. தோழி சொன்னதைவிடச் சீக்கிரமாகவே, எட்டே மாதத்தில். நான் பேருந்தில் இருந்தேன். குழுவின் இளையவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் பதறினான்: "அக்கா, ஆவணம் எல்லாம் போச்சு!" புதிய முகவரியைத் தேடி, எண்கள் மாறவில்லை என்று இரண்டு மூன்றைத் தட்டி உறுதிசெய்துகொண்டேன். கைப்பேசியிலேயே சிறப்புப் பக்கத்தைத் திறந்து 'ஆவணம்' என்ற வரியில் தளப்பெயரை மாற்றினேன். இறங்கவேண்டிய நிறுத்தம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஐயாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு மாறியதே தெரியாது. போன மாதம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள், பெயர்ப்பலகை ஆண்டைப் பற்றிப் பேச. ஐயா பேத்தியின் மடிக்கணினியைத் திறந்து, கட்டுரையில் இருந்த அந்த இணைப்பைத் தட்டி, ஆண்டறிக்கையின் பக்கத்தைக் காட்டினாராம். ஒருவர் அதை அச்செடுத்து வாங்கிப் போயிருக்கிறார். பலகை இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுகிறார்களாம்.